ஜெருசலேம்: கடலை வேகும் நகரம்

ஒரு தட்டு ஹம்மஸ் யாருடையது என்று நாடுகள் மல்லுக்கு நிற்கின்றன. கடலையோ முந்தைய இரவே ஊறப்போய்விடுகிறது.

டமாஸ்கஸ் வாசலின் படிகளில் இறங்கி ஜெருசலேமின் பழைய நகரத்துக்குள் நுழைகிறவர், எள் தூவிய வளைய ரொட்டி விற்கும் வண்டிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் போவது அல் வாத் தெரு. இயேசு சிலுவை சுமந்து நடந்ததாக நம்பப்படும் வழி சிறிது தூரம் இதனோடு சேர்ந்தே போகிறது. யாத்ரிகர்கள் சுவரில் சிலுவைப் பாதை எண்களைத் தேடிக்கொண்டிருக்க, உள்ளூர்க்காரர்கள் அந்தப் பகுதியின் சிறு கடைகளுக்குள் நுழைகிறார்கள். சில மேசைகள், ஒரு பெரிய பானை. ஹம்மஸ் கடை.

ஹம்மஸ் என்ற அரபுச் சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்பதே பொருள். தட்டில் வருவதன் முழுப்பெயர் 'ஹம்மஸ் பி தஹினா', அதாவது எள் விழுது சேர்த்த கடலை. நவராத்திரிச் சுண்டலுக்குப் போடும் அதே வெள்ளைக் கடலைதான். சுண்டலில் கடலை உடையாமல் இருந்தால் சமைத்தவருக்குப் பெருமை. இங்கே தோல்கூட நாக்கில் தட்டுப்படக் கூடாது. ரொட்டியைப் பிய்த்து வழித்துச் சாப்பிட வேண்டும். பச்சை வெங்காயத்தின் இதழைக் கரண்டியாக்கிக்கொள்பவர்களும் உண்டு. இது காலைச் சாப்பாடு. பானை காலியானதும் பிற்பகலிலேயே கடையை மூடிவிடுவது பழைய கடைகளின் வழக்கம்.

இந்தத் தட்டில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கடலை முதன்முதலில் பயிரானது இன்றைய துருக்கியின் தென்கிழக்கில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன். அங்கிருந்துதான் அது இந்தியாவுக்கு வந்தது. எள்ளின் பயணம் எதிர்த்திசையில். இந்தியத் துணைக்கண்டத்தில் பயிராகி, ஹரப்பா காலத்திலேயே வழக்கில் இருந்த எள், மேற்கே போய்ச் சேர்ந்தது. இவை எப்போது ஒன்றாகக் குழைந்தன என்பதில் அறிஞர்களுக்கு ஒருமித்த கருத்து இல்லை. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபுச் சமையல் நூல்களில் கடலை மசியல் உண்டு. ஆனால் வினிகரும் மூலிகைகளும் கொட்டைகளும் சேர்ந்த அது, இன்றைய ஹம்மஸுக்குத் தூரத்து உறவுதான்.

வரலாறு இப்படி இருக்க, பட்டாவுக்கு மட்டும் சண்டை. 2008-இல் லெபனான் தொழிலதிபர்கள் சங்கம், ஹம்மஸைத் தங்கள் நாட்டு உணவாகப் பதிவு செய்யப்போவதாகக் கிளம்பியது. 'ஃபெட்டா' பாலாடைக்கட்டி என்ற பெயரைக் கிரேக்கம் தனக்கே உரியதாக்கிக்கொண்டது அவர்களுக்கு முன்மாதிரி. அது நடக்கவில்லை. சண்டை எடைக்கு மாறியது. 2010 ஜனவரியில், ஜெருசலேமுக்கு மேற்கே உள்ள அபு கோஷ் என்ற அரபுக் கிராமத்தில் நாலு டன்னுக்கு மேல் ஹம்மஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதைக் கொட்ட அவர்களுக்குக் கிடைத்த பாத்திரம் ஒரு சாட்டிலைட் டிஷ்! அதே ஆண்டு மே மாதம் லெபனானில் சுமார் 300 சமையல்காரர்கள் கூடி 10,452 கிலோ செய்தார்கள். லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்த எண்.

இந்த அமளியில் ஒரு விஷயம் அடிபட்டுப்போகிறது. லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலான போட்டி என்றுதான் செய்திகள் பேசின. ஆனால் இஸ்ரேலின் பெயரில் சாதனை படைத்த அபு கோஷ்காரர்கள் அரபு மக்கள். பழைய நகரத்தில் பானையருகே நிற்பவர்கள் பாலஸ்தீனியர்கள். தங்கள் பாட்டிமார் செய்த பண்டம் உலகச் சந்தையில் 'இஸ்ரேலிய உணவு' என்ற சீட்டோடு விற்கப்படுவதுதான் அவர்களது மனக்குறை. நியாயமான குறை. நிலம் போனவர்களுக்குத் தட்டும் போகிறதே என்ற வலி அதில் இருக்கிறது. யோட்டம் ஒட்டோலெங்கி, சமி தமிமி இருவரும் 1968-இல் இதே நகரத்தில் பிறந்தவர்கள். ஒருவர் யூதர்களின் மேற்கில், மற்றவர் அரபுக் கிழக்கில். அவர்கள் சந்தித்துக்கொண்டது லண்டனில். 2012-இல் சேர்ந்து எழுதிய 'ஜெருசலேம்' சமையல் நூலில் ஹம்மஸும் உண்டு, அதன் உரிமைத் தகராறும் உண்டு.

2023 அக்டோபரில் காஸா போர் வெடித்த பிறகு யாத்ரிகர் வரத்து சரிந்தது. பழைய நகரத்தில் பல கடைகள் கதவடைத்தன. நினைவுப் பொருள் விற்பவருக்கு யாத்ரிகர் இல்லாவிட்டால் வியாபாரமே இல்லை. ஹம்மஸ் கடைக்காவது அக்கம்பக்கத்தார் உண்டு.

வீட்டில் செய்ய நினைப்பவர்கள் டப்பாவில் அடைத்த கடலையை மறந்துவிடுவது நல்லது. உலர்ந்த கடலையை ஊற வைத்து வேக வைத்தால்தான் அந்த மென்மை வரும். நம் கடைகளில் கடலை பெரிதாக இருக்க இருக்க விலை கூடுகிறது. ஜெருசலேமில் ஹம்மஸ் செய்பவர்கள் தேடுவது சிறிய கடலை. 250 கிராம் கடலையை, அது நன்றாக மூழ்கி மேலும் ஊதுவதற்கு இடம் விட்டு, தாராளமாகத் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊற விட வேண்டும். தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. காலையில் வடித்து, புதுத் தண்ணீரில் அரை டீஸ்பூன் சோடாவோடு வேக வைக்க வேண்டும். சோடா எதற்கு? ஜெருசலேமைச் சுற்றியுள்ள மலைகள் சுண்ணாம்புக்கல். அங்கே ஊறும் நீர் கடின நீர். அதிலுள்ள கால்சியம் கடலையின் செல் சுவர்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சோடா அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. போர் தண்ணீரில் பருப்பு வேகாமல் தவித்தவர்களுக்கு இது புரியும். சோடா அதிகமானால் சோப்பு வாடை வந்துவிடும். எலுமிச்சைச் சாறு எதிர்வேலை செய்யும் என்பதால் கடலை வெந்து முடியும்வரை அதைக் காட்டக் கூடாது.

நுரையோடு மிதக்கும் தோல்களை அவ்வப்போது அள்ளிவிட வேண்டும். விரலிடுக்கில் வைத்து லேசாக அழுத்தியதும் கரைந்தால் பதம். சுண்டலுக்கு 'குழைந்துவிட்டது' என்று திட்டு வாங்கும் அதே பதம். குக்கரானால் ஐந்தாறு விசில். ஆனால் பாதிக்கு மேல் நிரப்பினால் தோல் வெயிட் வால்வை அடைத்துக்கொள்ளும்.

எள் விழுதுக்கு நப்லுஸ் பேர்போனது. ஜெருசலேமிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகளோடு. அங்கே அரைபடும் எள்ளில் எத்தியோப்பியாவின் ஹுமேரா எள்ளுக்குத் தனி மதிப்பு. நமக்கு மிக்ஸி போதும். தோல் நீக்கிய வெள்ளை எள் 200 கிராமை நிறம் மாறாமல் வறுக்க வேண்டும். எள்ளுப்பொடிக்கு வறுப்பதுபோல் சிவக்க விட்டால் கசக்கும். மணமில்லாத எண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டு, விழுது வழியும்வரை அரைக்க வேண்டும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை கடலையை அமுக்கிவிடும்.

வெந்த கடலையைச் சூட்டோடு அரைத்து, எள் விழுது, நான்கு பல் பூண்டு, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, உப்பு சேர்த்துக் கடைசியில் ஐஸ் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட வேண்டும். தண்ணீர் பட்டதும் விழுது முதலில் இறுகும். பயப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் விட்டால் இளகி வெளுக்கும். பரப்பி, நடுவே குழித்து, ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் போட்டு, வெதுவெதுப்பாகவே சாப்பிட வேண்டும். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். இறுகியிருக்கும், ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்தால் சரியாகிவிடும்.