ஜீப் டிரைவருக்கு ஒரு வக்காலத்து

ஜீப் டிரைவர் ஒருவருக்கு வக்காலத்து போட்டதற்காகச் சங்கத்தை விட்டு நீக்கப்பட்ட இளம் வக்கீல் ஒருவர் என்னிடம் கட்சிக்காரராக வந்தார். எந்தக் கோர்ட்டு, எந்தச் சங்கம் என்பதை விட்டுவிடுகிறேன். அந்தச் சங்கத்தாரில் பலர் இன்றும் என்னோடு டீ குடிக்கிறவர்கள்.

டிரைவர் போடிக்காரர். விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைப் பக்கம் போவார். பொழுது சாயும்போது இறக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் இறங்கி வருகையில், வழி விடவில்லை என்று எதிரே வந்த காருடன் தகராறு. காரில் இருந்தவர் வக்கீல் என்பது கை நீட்டிய பிறகுதான் தெரிந்தது. அப்போது நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களில் வழக்கமாக வரிசை கட்டிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) மூன்றும் போட்டு உள்ளே தள்ளினார்கள். மறுநாளே சங்கத்தின் அவசரக் கூட்டம்: உறுப்பினர் எவரும் இவருக்கு ஆஜராகக் கூடாது.

அந்தக் கூட்டத்தில்தான் நம் இளைஞர் எழுந்து, இப்படித் தீர்மானம் போட நமக்கு அதிகாரமே இல்லை என்றிருக்கிறார். சட்டப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. கோவையில் வக்கீலுக்கும் போலீசுக்கும் மூண்ட மோதலில், குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானம் போட்டது. ஏ.எஸ்.முகமது ரஃபி வழக்கில் 2010 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு, நாட்டில் எந்த வக்கீல் சங்கம் போட்டாலும் இத்தகைய தீர்மானம் செல்லாது, வக்கீல்கள் அதை மீறலாம் என்று சொல்லிவிட்டது. கூட்டத்துக்கு மறுநாள் நம் இளைஞர் டிரைவருக்கு வக்காலத்து போட்டார். ஒரு வாரத்துக்குள் நீக்கல் கடிதம் வந்தது. அதில் காரணம் இரண்டு: வக்காலத்து ஒன்று, சங்கத்தின் மாண்புக்குக் குந்தகமாகக் கூட்டத்தில் பேசியது மற்றொன்று.

“அண்ணே, வக்காலத்துக்குக் கோவை கேஸ் இருக்கு. பேசினதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அரசியல் சட்டத்தின் 19(1)(அ) தரும் பேச்சுரிமை அரசாங்கத்தை நோக்கியது. வக்கீல் சங்கமோ 1975-ம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான ஒரு தனியார் அமைப்பு. ரிட் போட்டால் முதல் வாய்தாவிலேயே, ‘இது அரசா?’ என்று கேட்பார்கள். ஆனால் அது மனமகிழ் மன்றமும் இல்லையே? பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2015-ல் கொண்டுவந்த சரிபார்ப்பு விதிகளில் ஆறாவது விதி, வக்கீலாகப் பதிவு செய்தவர் தாம் தொழில் செய்யும் இடத்துச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும் என்கிறது. சேர விருப்பமில்லை என்றால் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, நலத்திட்டப் பலன்களை எப்படிப் பெறுவேன் என்று விளக்கமும் எழுத வேண்டும். சொந்த அறைகூட இல்லாமல் சங்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சங்கத்து நூலகத்தில் படித்துத் தொழில் பழகும் பையன் அந்த விளக்கத்தை எழுதுவானா? உள்ளே போவதற்குச் சட்டம் தள்ளுகிறது. வெளியே தள்ளும்போது மட்டும் ‘இது எங்கள் சொந்த விவகாரம்’ என்கிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா வக்கீல்கள் கட்டாயச் சந்தாப் பணம் அரசியலுக்குச் செலவாவதை எதிர்த்து வழக்காடி, கெல்லர் வழக்கில் 1990-ல் ஜெயித்தார்கள். நம் சந்தா சொற்பம். இங்கே தகராறு வாயைப் பற்றியது.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. இந்த நீக்கலுக்கு முந்தைய வருடம், 2016-ல், சென்னை உயர் நீதிமன்றம் 14-ஏ முதல் 14-டி வரை புது விதிகள் கொண்டுவந்தது. நீதிமன்ற வளாகத்துக்குள் ஊர்வலம் போனால், கோர்ட் ஹாலில் அட்டை பிடித்தால், நீதிபதி மீது ஆதாரமில்லாமல் புகார் அனுப்பினால், கோர்ட்டே வக்கீலைத் தொழில் செய்ய விடாமல் தடுக்கலாம் என்றன அவை. தமிழ்நாடு முழுக்க வக்கீல்கள் தெருவுக்கு வந்தோம். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 126 பேரை சஸ்பெண்ட் செய்தது. நீக்கல் கடிதத்தில் கையெழுத்திட்டவர் அந்தப் போராட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று பேச்சுரிமைக்குக் கோஷம் போட்டவர். (அந்த விதிகளை ஆர்.முத்துகிருஷ்ணன் வழக்கில் 2019 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வக்கீலை ஒழுங்குபடுத்துவது பார் கவுன்சிலின் வேலை என்பது காரணம்.)

முன்சீப் கோர்ட்டில் சிவில் வழக்காகவே போட்டேன். நோட்டீஸ் தந்து விளக்கம் கேட்காமல் யாரையும் நீக்கக்கூடாது என்று சங்கத்தின் துணைவிதியே சொல்கிறது, தந்திருக்கவில்லை. பேச்சுரிமையைப் பிராதில் ஒரே ஒரு பத்தியில் வைத்தேன். ஜெயிக்கிற வாதத்தின் மேல் பெரிய வாதத்தை ஏற்றிக் கவிழ்க்கக் கூடாது என்பது என் கணக்கு.

ஹால் நிறைந்திருந்தது. என் பக்கத்து பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. எதிர்த்தரப்பு, இந்தி சாகித்ய சம்மேளனம் சம்பந்தப்பட்ட 1971-ம் ஆண்டுத் தமயந்தி நாரங்கா தீர்ப்பை எடுத்துப் போட்டது: யாரை உறுப்பினராக வைத்துக்கொள்வது என்பது சங்கத்தின் அடிப்படை உரிமை. அது அரசாங்கம் சட்டம் போட்டு வெளியாட்களைச் சங்கத்துக்குள் திணித்த வழக்கு, இங்கே இருக்கிறவரை விசாரிக்காமல் துரத்தியிருக்கிறார்கள் என்றேன். நீதிபதி இரண்டையும் குறித்துக்கொண்டு எதிர்த்தரப்பைப் பார்த்து, “அவர் கூட்டத்துக்குள்ளேதானே பேசினார்? பிறகு கூட்டம் எதுக்குக் கூட்டினீங்க?” என்றார்.

“தீர்மானம் நிறைவேற்ற, யுவர் ஆனர்.”

நோட்டீஸ் தராத காரணத்துக்காக இடைக்காலத் தடை கிடைத்தது. மேல்முறையீடு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சங்கம் நீக்கலைத் திரும்பப் பெற்றதாகக் கடிதம் தந்தது, நாங்கள் வழக்கை வாபஸ் வாங்கினோம். பேசியது குற்றமா என்ற கேள்விக்கு அந்த வழக்குக் கட்டில் விடை இல்லை. கட்சிக்காரருக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. 2021 ஜூனில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா, பார் கவுன்சில்களை இழிவாகப் பேசுவதையே தொழில் தவறாக்கி விதி வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தபோது, அந்த ஒற்றைப் பத்தியைத் தேடி எடுத்துப் படித்தேன்.

டிரைவர் வழக்கு சமாதானத்தில் முடிந்தது. 294(பி) சமரசத்துக்கு இடமில்லாத பிரிவு என்பதால் வழக்கையே ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். மனுவில் கையெழுத்திட்டவர் அதே இளைஞர். ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் அடி வாங்கிய வக்கீல்.