கையில் ஊசி... காதில் கதை... கண்ணுக்கு மலை!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. எழுதின கை இன்னும் வலிக்குது. அதுக்குள்ள 'மச்சி, ஊட்டி போலாமா?'ன்னு ஒருத்தன் கொளுத்திப் போட்டிருப்பானே! டிசம்பர் கடைசி வாரம்... கிறிஸ்துமஸ், நியூ இயர், ஸ்கூல் பசங்களுக்கு அரையாண்டு லீவு, எல்லாம் ஒண்ணா வரும். ஊரே மலை ஏறும். நீங்களும் ஏறுங்க, யாரு வேண்டாம்னா? ஆனா கிளம்பும்போது பையில ஒரு ஜோடி பின்னல் ஊசியும் ரெண்டு உருண்டை உல்லன் நூலும் போட்டுக்கோங்க. போன்ல ஒரு முழு நாவலை ஒலிப்புத்தகமா இறக்கி வெச்சுக்கோங்க.

சிரிக்காதீங்க பாஸ். 'ஸ்வெட்டர் பின்றது பாட்டிங்க வேலையாச்சே!'ங்கிற டயலாக்கை ஹாஸ்டல்ல நான் நூறு தடவை கேட்டாச்சு. அப்படிச் சொல்றவங்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டோட ஓரத்தைப் பிடிச்சு இழுங்க. ரப்பர் மாதிரி நீளுதா? இப்ப சட்டையை இழுங்க. ம்ஹூம். சட்டைத் துணி நெய்தது, டி-ஷர்ட் துணி பின்னினது. திருப்பூருக்குப் 'பின்னலாடை நகரம்'னு பேர் வந்தது சும்மா இல்லை. பாட்டி ரெண்டு ஊசியில போடுற அதே கண்ணியைத்தான் அங்கே மெஷின் பொடிப்பொடியா, சுத்திச் சுத்திப் போடுது. காலுறை பின்னுற மெஷினை இங்கிலாந்துல வில்லியம் லீ கண்டுபிடிச்சது 1589-ல. நீராவி எஞ்சினுக்கே நூறு வருஷத்துக்கு மேல சீனியர்! இனிமே எவனாவது பின்னலைக் கிண்டல் பண்ணினா, முதல்ல பனியனைக் கழட்டி வெச்சுட்டுப் பேசச் சொல்லுங்க.

சரி, ரயிலுக்கு வருவோம்.

மேட்டுப்பாளையத்துல காலையில 7.10-க்கு மலை ரயில் கிளம்புது. 46 கிலோ மீட்டர் தூரம். பைக்ல போனா ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. இது ஏறி முடிக்க கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் எடுத்துக்கும். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. குன்னூர் வரைக்கும் 1899-ல ஓட ஆரம்பிச்சது, 1908-ல ஊட்டியைத் தொட்டது. 2005-ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்னு பட்டயமும் வாங்கியாச்சு. 'உயிரே' படத்துல ஷாரூக்கான் கூரை மேல ஆடினாரே, அந்த ரயில் இதேதான்!

எஞ்சின் முன்னாடி இருக்காது. குன்னூர் வரைக்கும் பின்னாடியிருந்து தள்ளிக்கிட்டே வரும். கல்லாறு தாண்டினதும் ஒரு 'கடக்' சத்தம் கேட்கும், காதைத் தீட்டி வெச்சுக்கோங்க. தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெச்ச இரும்புப் பட்டை ஆரம்பிக்கிற இடம் அது. எஞ்சினோட பல்சக்கரம் அதுல மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு பல்லா ஏறும். ஏற்றம் 12 அடிக்கு ஒரு அடி. வெறும் சக்கரம் இருந்தா வழுக்கிடும். நம்ம மெக்கானிக்கல் மண்டைக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அங்கே ஒரு பட்டை இல்லை, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பட்டை. ஒண்ணோட பல்லும் இன்னொண்ணோட பல்லும் நேருக்கு நேர் வராம மாத்தி வெச்சிருப்பாங்க. ஒரு பட்டையில பல் விடுபடுறப்போ இன்னொண்ணுல பல் பிடிச்சிருக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல விட்டுடுற நிலைமையே வராது.

இப்ப உங்க மடியைப் பாருங்க. இடது ஊசியில இருக்கிற கண்ணிக்குள்ள வலது ஊசியை விட்டு, நூலைச் சுத்தி, புதுக் கண்ணியை வெளியே இழுத்தப்புறம்தான் பழைய கண்ணியை நழுவ விடுறோம். அது பிடிக்காம இது விடாது. ஆப்ட்ங்கிற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் மலைக்குக் கொடுத்த ஐடியாவும், பாட்டி மஃப்ளருக்குக் கொடுத்த ஐடியாவும் ஒரே குடும்பம்!

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு: 8-ம் நம்பர் ஊசி, கொஞ்சம் தடிமனான நூல். ஃபேன்ஸி ஸ்டோர்ல கேளுங்க. ஒரு 30 கண்ணி ஏத்திக்கோங்க. பிளெயின், பர்ல்னு ரெண்டு வகைக் கண்ணி இருக்கு. மத்ததெல்லாம் இந்த ரெண்டோட வரிசை மாற்றம்தான். பூஜ்யமும் ஒண்ணும் வெச்சே கம்ப்யூட்டர் ஓட்டலையா, அந்த மாதிரி. முதல் மஃப்ளருக்குப் பிளெயின் மட்டும் போதும். ஓரம் சுருளாது, எண்ணிக்கிட்டே இருக்கவும் வேண்டாம். மேட்டுப்பாளையத்துல ஆரம்பிச்சு ஊட்டியில கழுத்துல போட்டுக்கலாம்னு மட்டும் கணக்குப் போடாதீங்க. அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் வந்தாலே நீங்க கில்லாடி.

கதையா? காட்டுக்குள்ள போன் சிக்னல் புட்டுக்கும். அதனால வீட்டுலயே இறக்கிடுங்க. 'பொன்னியின் செல்வ'னை பாம்பே கண்ணன் பல குரல்களோட ஒலிப்புத்தகமா கொண்டுவந்திருக்கார். வந்தியத்தேவன் குதிரையில ஆடி அசைஞ்சு வர்ற ஆரம்பத்துக்கும் இந்த ரயிலோட வேகத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்! 1.5 வேகத்துல ஓட விடாதீங்க ப்ளீஸ். ஒரு எச்சரிக்கை: கதையில திகில் ஏற ஏற உங்க விரலும் நூலை இறுக்கும். மஃப்ளரைப் பார்த்தே எந்த இடத்துல கொலை நடந்துச்சுன்னு சொல்லிடலாம்!

கையில வேலை, காதுல கதைங்கிறது புதுசு இல்லை. கியூபாவுல சுருட்டுக் கம்பெனிகள்ல 1865-லயே ஒருத்தர் மேடையில உட்கார்ந்து சத்தமா வாசிப்பார். கீழே நூத்துக்கணக்கான பேர் புகையிலை சுருட்டிக்கிட்டே கேட்பாங்க. அவங்க விரும்பிக் கேட்ட நாவலோட பேர்தான் 'மான்டி கிறிஸ்டோ' சுருட்டுக்கு வந்தது. கேரளாவுல பீடித் தொழிலாளர்களுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்ட ஆள் இருந்தாங்க. நம்ம நெல்லைப் பக்கம் பீடி சுத்துற வீடுகள்ல ரேடியோதான் துணை. ஒலிப்புத்தகமேகூட பொழுதுபோக்குக்காகப் பிறக்கலை. முதல் உலகப்போர்ல பார்வை போன சிப்பாய்களை நினைச்சுத்தான் இங்கிலாந்துல 1935-ல இசைத்தட்டுல புத்தகம் வந்தது. முதல் செட்டுலயே ஒரு அகதா கிறிஸ்டி!

நான் இந்த ரெண்டையும் இந்த ரயிலுக்குச் சிபாரிசு பண்றதுக்குக் காரணம் கண்ணு. போன்ல ரீல்ஸ் பார்த்தா கண்ணு போச்சு. புத்தகம் படிச்சாலும் போச்சு. பின்னலுக்கு விரல் போதும், கதைக்குக் காது போதும். கண்ணு முழுசா ஜன்னலுக்கு மிச்சம். ஹில்குரோவ்ல எஞ்சின் தண்ணி குடிக்க நிற்கும்போது எதிர்ச்சரிவுல மேகம் இறங்குறதை, கையை நிறுத்தாமலே பார்க்கலாம். (குரங்கு ஜாஸ்தி. நூல் உருண்டையைப் பைக்குள்ள போட்டு நுனியை மட்டும் வெளியே விடுங்க.) குகைக்குள்ள நுழைஞ்சா பெட்டியே 'ஓ'ன்னு கத்தும். இருக்கிறதுலயே நீளமான குகை 97 மீட்டர், ரயிலோட வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. கணக்குப் போட்டா 35 விநாடி இருட்டு. அந்த இருட்டுல கண்ணி தடவிப் போட்டுப் பாருங்க, நாலு வந்துடும்.

குன்னூர்ல நீராவி எஞ்சினைக் கழட்டி டீசல் மாட்டுவாங்க. எனக்கு எதிர் சீட்டுல ஒரு அம்மா வந்து உட்கார்ந்தது அங்கேதான். அறுபதைத் தாண்டியிருக்கும். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க.

"என்ன கண்ணு, மஃப்ளரா?"

"ஆமாங்கம்மா."

"வலது ஊசியை அக்குள்ல இடுக்கிக்க. கைக்குப் பாரம் தெரியாது."

இடுக்கினேன். வேகம் ரெண்டு மடங்கு! அவங்க கேத்தி பக்கமாம். பஸ்ல போகாம ஏன் ரயில்னு கேட்டேன். "சீசன்ல எங்க ரோட்டுல எங்களுக்கே எடம் இல்ல சாமி. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றேன். காலைல பஸ்ல போனப்ப ஒரே எடத்துல முக்கா மணி நேரம் நின்னுச்சு. நான் டோக்கன் எடுக்கறதுக்குள்ள டாக்டர் கெளம்பிட்டாரு. இனி திங்கக்கிழமதான்" என்றார். கோபமாகக்கூட இல்லை, வெயில் அடிக்குதுங்கிற மாதிரி சொன்னார். நம்ம கேங் நாலு கார்ல வந்து, ஒரே நாள்ல எட்டு ஸ்பாட் 'கவர்' பண்றோமே, அந்த ரோடுதான் அது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-லேர்ந்து நீலகிரிக்கு இ-பாஸ் வந்ததும், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் வார நாள்ல 6,000, வார இறுதியில 8,000 வண்டின்னு கணக்கு வெச்சதும் இதுக்குத்தான். ரயில்ல வர்றவங்க அந்தக் கணக்குலயே வர மாட்டோம்.

காதுல என்னன்னு கேட்டாங்க. ஒரு இயர்போனைக் கழட்டிக் கொடுத்தேன். குடந்தை ஜோதிடர் வீட்டு வாசல்ல வந்தியத்தேவன் நின்னுக்கிட்டிருந்தான். ரெண்டு நிமிஷத்துல அவங்க முகமே மாறிடுச்சு. "உள்ள யாரு உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்" என்று சிரித்தார். கல்யாணத்துக்கு முன்னாடி பத்திரிகையிலேர்ந்து கிழிச்சு பைண்ட் பண்ணின புத்தகத்துல படிச்சாங்களாம். இப்பக் கண்ணுல புரை எடுத்தப்புறமும் சின்ன எழுத்து ஒட்ட மாட்டேங்குதாம். 'மூன்றாம் பிறை' கடைசி சீன் எடுத்த கேத்தி ஸ்டேஷன் வர்ற வரைக்கும் இயர்போனை அவங்க திருப்பித் தரலை. நானும் கேட்கலை. இறங்கும்போது ஒலிப்புத்தகத்தோட பேரை ஒரு சீட்டுல எழுதி வாங்கிக்கிட்டாங்க. பேத்தி போன்ல ஏத்தித் தருவாளாம்.

ஊட்டியில இறங்கினதும் ஓடாதீங்க. தாவரவியல் பூங்கா புல்வெளியில ஒரு மத்தியானம் முழுக்க உட்காருங்க. பூங்காவுக்கு மேல்பக்கம் தோடர் மந்து ஒண்ணு இருக்கு. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்புமா பூவேலை செய்வாங்க. அது பின்னல் இல்லை, எம்ப்ராய்டரி. படம் வரையறதே கிடையாது, துணியோட இழையை எண்ணி எண்ணியே ஊசி இறங்கும். 2013-ல புவிசார் குறியீடு வாங்கின வேலை. வாங்க முடிஞ்சா வாங்குங்க. கேட்காம போட்டோ எடுக்காதீங்க. திபெத்தியர் கடைகள்ல ஸ்வெட்டர் பேரம் பேசும்போது மட்டும் 'கையால பின்னினதா?'ன்னு கேட்டு அவங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். நாடு முழுக்க இந்த வியாபாரத்துக்குச் சரக்கு பெரும்பாலும் லூதியானா மெஷின்லேர்ந்துதான் வருது.

ரெண்டு டிப்ஸ். சீசன்ல டிக்கெட் பறந்துடும், 60 நாளுக்கு முன்னாடி ரிசர்வேஷன் திறக்கிற அன்னிக்கே போட்டுடுங்க. வடகிழக்குப் பருவமழையில மண் சரிஞ்சு ரயிலை ரத்து பண்றதும் சகஜம், கிளம்புறதுக்கு முந்தின நாள் விசாரிச்சுக்கோங்க.

என் மஃப்ளர் ஊட்டியில இறங்கும்போது ஒன்றரைச் சாண். வந்தியத்தேவன் இன்னும் தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ள நுழையலை. எப்படியும் இறங்குற ரயில்ல உள்ளே போயிடுவார்!