காதைத் திருகினால் என்ன ஆகும்?

காதின் மேல் மடலைப் பிடித்து முன்பக்கமாக மடக்கி, விட்டுப் பாருங்கள். (பஸ்ஸில் இருந்தால் வேண்டாம், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.) டக்கென்று பழையபடி நிமிர்ந்துகொள்கிறதா? கணக்கு வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகத் திருகியும் நம் காதுகள் பிழைத்திருப்பது இதனால்தான்.

உள்ளே இருப்பது குருத்தெலும்பு. பெயரில்தான் எலும்பு. இதில் மூன்று தினுசு. மூட்டுகளில் இருப்பது ஒன்று, முதுகில் டிஸ்க் என்கிறோமே அது இன்னொன்று. காதில் இருப்பது மூன்றாவது ரகம். எலாஸ்டின் என்கிற புரத இழைகள் வலை மாதிரி பின்னிக் கிடப்பதால் வளையும், விட்டால் திரும்பும். தொண்டையில் எபிகிளாட்டிஸ் என்ற இலை போன்ற மூடியும் இதே சரக்குதான். ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் சாய்ந்து மூச்சுக்குழாய் வாசலை மறைத்துவிட்டு நிமிரும். கொஞ்சம் பிசகினால் புரையேறும். 'யாரோ நினைக்கிறாங்க' என்று தலையில் தட்டுவோம்.

இவ்வளவு உழைக்கும் இதற்குள் ரத்தக் குழாயே கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து கசிந்து வருவதுதான் சாப்பாடு.

என் அக்கா மகள் காலேஜ் படிக்கிறாள். காதின் மேல் விளிம்பில் வளையம் போட ஆசை. "கீழே ரெண்டு ஓட்டை ஏற்கெனவே இருக்கு மாமா, மேலே மட்டும் என்னவாம்?" என்றாள். நியாயமான கேள்வி. கீழே தொங்கும் சோணையில் குருத்தெலும்பு இல்லை. தோலும் கொழுப்பும்தான், ரத்த ஓட்டமும் தாராளம். சில வாரங்களில் ஆறிவிடும். மேலே ஆறுவதற்கு மாதக்கணக்காகும். அதற்குள் கிருமி புகுந்து உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சீழ் கட்டினால், சாப்பாடு நின்று குருத்தெலும்பு செத்துப்போகும். காது சுருங்கி, பழைய உருவம் திரும்பாது. அப்புறம் விலா எலும்பு ஓரத்துக் குருத்தெலும்பை எடுத்துச் செதுக்கிக் காது செய்ய வேண்டியதுதான்.

"பாட்டிங்க கொப்பும் முருகும் மேல் காதில்தானே போட்டாங்க?"

போட்டார்கள்தான். அதனால் நானும் தடை சொல்லவில்லை. துப்பாக்கி மாதிரி அழுத்தி அடிக்கிற கருவி வேண்டாம், அது குருத்தெலும்பை நசுக்கும்; சுத்தமான ஊசி போதும். சும்மா சும்மா தொட்டுத் திருகக் கூடாது. சோணை நன்றாக இருந்து, மேல் மடல் மட்டும் சிவந்து வீங்கி வலித்தால், மஞ்சள் பத்தெல்லாம் போடாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓட வேண்டும்.

போன மாதம் போட்டுக்கொண்டாள். தினமும் ராத்திரி போன் செய்து "சிவந்திருக்கா?" என்று கேட்கிறேன். "இல்ல மாமா, நீங்க முதல்ல தூங்குங்க" என்கிறாள்.