தோளில் ஏறும் மூச்சு

நோயாளியின் மூச்சை எண்ணும்போது நாங்கள் தாதியர் அவருடைய மணிக்கட்டில்தான் விரலை வைத்திருப்போம். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதாக அவர் நினைத்திருக்க, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவோம். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை என்றால் ஆறுதல். எண்ணிக்கையைப் பயிற்சிக் காலத்தில் படித்தேன். மூச்சைப் பார்க்கும் கண் அதற்கு முன்பே, எழுவைதீவில் கோயில் முன்றலில் கூத்துப் பழகிய இரவுகளில் கிடைத்துவிட்டது.

தென்மோடிக் கூத்தில் கூத்தர் தானே ஆடித் தானே பாட வேண்டும். மேடைக்கு வரும் வரவு ஆட்டத்தை ஆடி நின்ற கையோடு விருத்தத்தை உச்சத்தில் எடுக்க வேண்டும். பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் படிக்கிற நேரந்தான் மூச்சு வாங்கக் கிடைக்கும் இடம். புதிதாகப் பழகுகிறவன் தோளைத் தூக்குவான், மத்தளம் நின்றுவிடும். "வயித்தால எடு தம்பி, தோளைத் தூக்காதை" என்பார் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். கடைசிப் பாயில் இருப்பவருக்கும் ராசா களைத்துப்போனது தெரிந்துவிடுமே என்பது அவர் கவலை.

வார்ட்டிலும் தோளைத்தான் முதலில் பார்க்கிறேன். இழுப்பு முற்றியவர் முன்னுக்குச் சாய்ந்து, கைகளை ஊன்றி, தோளால் காற்றை இழுப்பார். கழுத்துத் தசை விறைக்கும். காறை எலும்புக்கு மேலே குழி விழும். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமற் போனால் இனிப் பொறுத்திருக்க நேரமில்லை. எங்கள் தீவில் இது இன்னும் கடுமை. ஊர்காவற்துறை வரைக்கும் படகு, அதன் பிறகுதான் வாகனம். சோளகக் காற்றுப் பெயர்ந்து கடல் எழும்பும் மாதங்களில், சற்று முந்திக் கண்டுகொள்வதே உயிரைக் காக்கும்.

நடிப்புத் தெரிந்தவனுக்கு நோயாளிக்கு முன்னால் தைரியமுகம் காட்டுவது லேசு என்கிறார்கள். நாடி பிடிக்கும் அந்த ஒரு நிமிடம் தவிர, கட்டிலருகே நான் நடிப்பதில்லை. மூச்சு முட்டுகிறவர் பொய்முகத்தை உடனே கண்டுகொள்வார். அரங்கையும் கட்டிலருகையும் சேர்த்தே அறிந்தவர் செக்கோவ்: 1890இல் சகாலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கிய அவர் மருத்துவர், நாடகாசிரியர், காசநோயாளி. 'மாமா வான்யா'வில் மருத்துவர் அஸ்திரோவின் களைப்பை, கட்டிலருகே நின்றறியாத ஒருவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்தில் நடிகருக்கு முறையான பயிற்சி கொடுக்கவென்று குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். நடிப்பதற்கு அல்ல, மூச்சையும் உடலையும் பார்க்கப் பழகுவதற்காகத் தாதியர் பயிற்சியிலும் அரங்கப் பயிற்சி சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் கூத்தில் இழுப்புள்ள பெடியன் ஒருவன் சேனாதிபதி வேஷத்துக்கு ஆசைப்பட்டான். எல்லாரும் வேண்டாமென்றார்கள். டொக்டரிடம் காட்டி, ஆட்டத்துக்குக் கால் மணித்தியாலம் முன்பு சல்பியூட்டமோல் இன்ஹேலர் எடுக்க ஒழுங்கு செய்தோம். அண்ணாவியாரும் ஒரு தருப் பாட்டைக் குறைத்து, பிற்பாட்டை இரண்டு தரம் படிக்கவைத்தார். வெள்ளுடுப்பு ஒத்திகை அன்று அவன் முழு வரவையும் ஆடினான்.