கல்கத்தாவில் ஒரு பகல்

ஊர் பார்த்தல் எளிய செயல்போலத் தோன்றும். கண் உண்டு, கால் உண்டு, காட்டுவாரும் உளராயின் குறை யாது? ஆயினும் அளவை நூல் கற்றார் இதனை அத்துணை எளிதாக ஒப்பார். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தானும் வேறுபடுத்து உணராது, 'ஈதொன்று உளது' என்னும் அளவில் நிற்பதை நிருவிகற்பக் காட்சி என்பர். முன்பின் அறியாத பெருநகரில் ஒரு பகலிற் காண்பன பெரும்பாலும் அவ்வகையினவே. உள்ளன என்று தெரியும். இன்னவென்று தெரியுமுன் மறைந்துவிடும். அவற்றுள்ளும் ஒன்றிரண்டு நம்மைப் பற்றி நிறுத்துமாயின், ஊரிலிருந்தே நாம் சுமந்து சென்ற கவலை ஒன்றனோடு அவை இயைந்தமையே காரணம் போலும்.

2025ஆம் ஆண்டு தை மாதத்தில், காசி யாத்திரை முடித்து மீளும் வழியில், கல்கத்தாவில் எனக்கு ஒரு பகல் வாய்த்தது. 2001 முதல் அதன் பெயர் கொல்கத்தா. எம்போல்வார் நாவிற்குப் பழைய பெயரே வருகின்றது. அறுபத்தேழாண்டுகளில் யான் கண்டிராத ஊர். என் தங்கை மகன் அங்கே இரயில்வே அலுவலகத்திற் பணிபுரிகின்றான், அவனே வழிகாட்டி.

யான் சுமந்து சென்ற கவலை நூல்களைப் பற்றியது. மடத்துப் பாடசாலையிற் பயின்ற நாள் முதலாகத் தேடிச் சேர்த்தவை ஏறத்தாழ இரண்டாயிரம். என் ஆசிரியர் தம் இறுதி நாளில் அளித்த ஏட்டுச் சுவடிகள் ஒன்பது. மகன் பெங்களூரில் இரண்டறை வீட்டில் வாழ்கின்றான். யான் புறப்படுமுன், "அப்பா, இவற்றை என்ன செய்வது என்று நீங்களே ஒரு முடிவு சொல்லிவிடுங்கள், பின்னால் நான் தடுமாறக் கூடாது" என்றான். அவன் சொல்லியதிற் பிழையில்லை. ஆயினும் அச்சொல் கங்கைத் துறையிலும் என்னை விட்டு நீங்கவில்லை.

நிற்க. வைகறையில் ஹௌரா நிலையத்தில் இறங்கி, பெட்டியை அங்கேயே ஒப்படைத்துவிட்டுப் பாலத்தை நடந்தே கடந்தோம். 1943இல் திறக்கப்பட்ட இப்பாலத்திற்கு ஆற்றினுள் ஒரு தூணும் இல்லை. இரு கரையிலும் நிற்கும் எஃகுக் கோபுரங்கள் தம் கைகளை நீட்டி, நடுவே 457 மீட்டர் வெளியைத் தாங்குகின்றன. சென்ற எஃகு 26,500 டன். திருகாணி பூட்டாமல், தறையாணிகளாலேயே பிணைத்திருக்கின்றனர். 1965இல் இதற்கு இரவீந்திரநாத தாகூரின் பெயரை இட்டனர். ஊரார்க்கு இன்னும் ஹௌரா பாலமே. பெயர் மாற்றுவார் ஆணையினும் நாவின் பழக்கம் வலிது.

பாலத்தின் கீழைக் கரையில் மல்லிக் காட் பூச்சந்தை. விடியுமுன் மடத்து நந்தனவனத்திற் பூக்கொய்து பழகிய என் கைகள் அங்கே சும்மா இருக்க மாட்டாது தவித்தன. செண்டுமல்லி மாலைகளைக் கயிற்றுச் சுருள்போலத் தோளிலே சுமந்து ஓடுகின்றனர். காளிக்கென்று செம்பரத்தை குவிந்து கிடக்கின்றது. வில்வத்தை 'பேல்' என்கின்றனர். இரண்டு கொத்து வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

அடுத்து மருமகன் என்னை அழைத்துச் சென்றது காலேஜ் தெரு. 1817இல் தோன்றிய இந்துக் கல்லூரியின் வழிவந்த பிரெசிடென்சி, 1824இல் தொடங்கிய வடமொழிக் கல்லூரி, 1857இல் நிறுவிய பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் ஆண்டு அருகருகே உள்ளன. வடமொழிக் கல்லூரியின் தலைவராயிருந்து, அந்தணரல்லாத மாணாக்கர்க்கும் அதன் வாயிலைத் திறந்தவர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர். அவ்வாயிலிற் சிறிது நின்றேன். ஆயினும் என்னைப் பற்றி நிறுத்தியது கல்லூரியன்று. தெருவோரத்துப் பழைய புத்தகக் கடைகளே.

ஒரு கடையின் அடுக்கில், முதுகு கிழிந்த நாகரி எழுத்துப் புத்தகம் ஒன்றை உருவினேன். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம்! 18ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் தமிழாக்கிய அந்நூலை, யான் பதினெட்டாம் வயதிலே மடத்துத் திண்ணையிற் பாடங்கேட்டேன். இப்படியின் முதலேட்டில் வங்க எழுத்தில் ஒரு பெயர். மருமகன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "கீழே 1938 என்று போட்டிருக்கிறது, மாமா" என்றான். அப்பெயரை ஈண்டு எழுதுதல் முறையன்று. பக்க ஓரமெல்லாம் மைக்குறிப்பு. முற்பகுதியில் அருகியே காணப்பட்ட குறிப்பு, புகைக்கும் நெருப்பிற்கும் உள்ள உடனிகழ்ச்சியாகிய வியாத்தியை இலக்கணப்படுத்தும் இடத்தில் எறும்புச் சாரைபோல நெருங்கியிருந்தது. யானும் அப்பக்கத்திலேயே மூன்று நாள் கிடந்து ஆசிரியரிடம் வசை வாங்கினேன். அவ்விடத்தில் இடறாத மாணாக்கர் எந்நாட்டிலும் இலர் போலும்!

கடைக்காரர் எழுபது ரூபாய் என்றார். மருமகன் ஐம்பதிற்கு இறக்க முற்பட்டான். அவனைத் தடுத்து எழுபதே கொடுத்தேன். ஒருவர் அறிவு தெருவிற் கிடக்கின்றதே என்று முதலில் நெஞ்சு நொந்தது. பூட்டிய அலமாரியிற் செல்லரித்துப் போயிருந்தால் அஃது என் கைக்கு வந்திராது என்பது சற்றுப் பொறுத்தே தோன்றிற்று.

பிற்பகலில் மருமகன் விக்டோரியா நினைவு மாளிகையைக் காட்ட விரும்பினான். மக்ரானாச் சலவைக்கல்லாலான அப்பெருங் கட்டடம் 1921இல் திறக்கப்பட்டது. அரசிருக்கை தில்லிக்கு மாறுமென்று 1911லேயே அறிவித்துவிட்டனர்; தலைநகர்க்கென எடுத்த மாளிகை, தலைநகர் நீங்கிய பின்னரே முற்றுப்பெற்றது. புறத்தே நின்று பார்த்தேன், போதும் என்றேன். உள்ளே செல்லும் நேரத்தை அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்திற்கென்று வைத்திருந்தேன்.

அங்கே எனக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராயிருந்த எஸ். வையாபுரிப் பிள்ளையவர்கள் தேடித் தொகுத்த நூல்களும் சுவடிகளும் அந்நூலகத்திலேயே அவர் பெயரால் ஒரு தொகுதியாக உள்ளன. நூல்களின் காலம் பற்றி அவர் கொண்ட முடிவுகளை எம் ஆசிரியர் ஒப்பியதில்லை, யானும் ஒப்பேன். ஆயினும் அப்பேரகராதியைத் தொடாமல் யான் பாடஞ்சொன்ன நாட்கள் மிகச் சில. 1956இல் மறைந்த அவருடைய சுவடிகள் பொருநைக் கரைக்கு இத்துணைத் தொலைவில் எவ்விடத்தில் உறங்குகின்றன என்று ஒருமுறை காண விழைந்தேன்.

பெல்வெடியர் என்னும் அம்மாளிகை, முன்னாளில் வங்கத் துணை ஆளுநர் உறைந்தது. 1953இல் நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நூல்கள் இன்று அதே வளாகத்துப் பாஷா பவனத்தில் உள்ளன. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி இங்கே வருதல் வேண்டும். பதிப்பாளர் விதியைக் காத்திருப்பாராயின், யான் எழுதிய சிற்றுரை ஒன்றும் உள்ளே ஒரு மூலையில் இருக்கும். சுவடிகளைக் கையிலெடுத்துக் காண்டல் ஒருநாள் விருந்தினனுக்குக் கூடுவதன்று. மரநிழலில் அமர்ந்து கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகன் கேட்டான்: "இங்கே பத்திரமாக இருக்கும், மாமா. ஆனால் யார் வந்து படிப்பார்கள்? அந்தத் தெருவில் படிக்கிறவன் வருவான், பத்திரம்தான் இல்லை." கணக்கு எழுதும் பிள்ளை என்று எண்ணியிருந்தேன், என் கவலையை இரண்டே சொல்லில் எடுத்து வைத்துவிட்டான்.

மாலையில் எஸ்பிளனேடு நிலையத்திலிருந்து ஹௌராவிற்கு மெட்ரோ வண்டியில் மீண்டோம். 2024 மார்ச்சு முதல் அவ்வழி ஆற்றின் அடியிற் செல்கின்றது. ஆற்றின் கீழுள்ள ஏறத்தாழ 520 மீட்டரை வண்டி ஒரு நிமிடத்திற்குள் கடந்துவிட்டது. காலையில் மேலே நடந்து கடந்த கங்கை மாலையில் தலைக்குமேல் ஓடியது. பையிலிருந்த வில்வம் வாடவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே நூற்பட்டி எழுதத் தொடங்கினேன். ஏட்டுச் சுவடிகள் ஒன்பதும் நூலகம் ஒன்றிற்கு. கொடுக்குமுன் ஒளிப்படம் எடுத்து ஒரு படி மகனிடம் இருக்கட்டும். கைக்குறிப்புள்ள பாடநூல்கள் யான் பயின்ற பாடசாலை மாணாக்கர்க்கு. அவர்கள் கிழித்தாலும் கிழிக்கட்டும். மகனுக்கும் அங்ஙனமே எழுதிவிட்டேன். இதுகாறும் 640 நூல்களுக்குப் பட்டி முடிந்துள்ளது. வங்க மாணாக்கரின் தருக்க சங்கிரகத்தை எந்த வரிசையிற் சேர்ப்பது என்பது மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.