ஃப்ளாரன்ஸில் 72 மணி நேரம்: சிட்டி பாஸ் வாங்கலாமா, வேணாமா?

1/
"டாக்டர், இத்தாலி போறோம். ஃப்ளாரன்ஸுக்கு மூணே நாள். அந்த சிட்டி பாஸ் வாங்கினா லாபமா?"

இன்பாக்ஸில் இந்தக் கேள்வி அடிக்கடி வருது. கேக்கறவங்கள்ல பாதிப்பேர் வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க. 2024 அக்டோபரில் என் அம்மாவோட போய்ட்டு வந்தேன். அதை வெச்சுச் சொல்றேன், பொறுமையா படிங்க.

2/
பாஸோட பேரு ஃபிரென்ஸே கார்டு. நாங்க போனப்ப 85 யூரோ. முதல் மியூசியத்தில் ஸ்கேன் செய்த நிமிஷத்திலிருந்து 72 மணி நேரம் செல்லும். ஒரு இடத்துக்கு ஒரு தடவைதான் போகலாம்.

கவனிங்க: கதீட்ரல் குவிமாடம் ஏறுறது இதுல வராது. உஃபிஸி, அக்காடெமியா ரெண்டுக்கும் கார்டு இருந்தாலும் நேரம் முன்பதிவு பண்ணித்தான் ஆகணும். கார்டைக் காட்டினா நேரா உள்ளே போயிடலாம்னு நினைக்காதீங்க.

3/
இப்ப கணக்கு. நாங்க போனப்ப முன்பதிவுக் கட்டணம் சேர்த்து உஃபிஸி 29 யூரோ, அக்காடெமியா 20. ஆச்சு 49. மிச்சம் 36 யூரோவுக்கு இன்னும் மூணு நாலு மியூசியம் பாத்தாதான் அசல் தேறும். அதாவது மூணு நாள்ல அஞ்சாறு மியூசியம். உங்களுக்கு அது ஆசையா, தண்டனையா? அதுக்குப் பதில் தெரிஞ்சா பாஸ் கேள்விக்கும் பதில் கிடைச்சிடும்.

4/
சின்னச் சின்ன விஷயங்கள். உஃபிஸியும் அக்காடெமியாவும் திங்கட்கிழமை லீவு. ஞாயிறு சாயங்காலம் கார்டை ஆரம்பிச்சா ஒரு நாள் போச்சு. மாசத்தோட முதல் ஞாயிறு அரசு மியூசியங்கள்ல டிக்கெட்டே கிடையாது, ஆனா கூட்டம் அள்ளும். 18 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைங்களுக்கு அரசு மியூசியங்கள் எப்பவுமே இலவசம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

5/
இனி டாக்டரா பேசறேன்.

அம்மாவுக்கு 68 வயசு. 14 வருஷமா சுகர். பாதத்துல உணர்ச்சி குறைவு. ஃப்ளாரன்ஸ் தெருவெல்லாம் கல் பதிச்ச தரை. இப்படிப்பட்டவங்களுக்குக் கொப்புளம் வந்தா வலிக்காது. வலிக்காததால நடந்துட்டே இருப்பாங்க. அது புண்ணாகி, ஊருக்கு வர்றதுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கும்.

72 மணி நேரக் கடிகாரத்தோட ஆபத்து இதுதான். "காசு கொடுத்தாச்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துடலாம்" என்ற நினைப்பு காலை மறக்க வைக்கும்.

6/
அதனால நான் செஞ்சது: எனக்கு மட்டும் கார்டு. அம்மாவுக்குத் தனித்தனி டிக்கெட். ஒரே குடும்பம்னா எல்லாருக்கும் ஒரே பாஸ் வாங்கணும்னு சட்டமில்லை. அம்மா மதியம் ரூம்ல படுத்திருக்கும்போது நான் பார்ஜெல்லோவும் கலிலியோ மியூசியமும் பாத்துட்டு வந்தேன். (கலிலியோவோட விரலை அங்கே கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்க!)

தினமும் ராத்திரி அம்மா பாதத்தை டார்ச் அடிச்சுப் பாத்தேன், விரல் இடுக்கு உட்பட. பழகின ஷூ ரெண்டு ஜோடி, மாத்தி மாத்தி. இன்சுலின் எப்பவும் கைப்பையில். கூடவே பிஸ்கெட்.

7/
அக்காடெமியாவில் மைக்கேலாஞ்சலோவோட டேவிட் சிலை. 1504ல் முடிச்சது. கழுத்தோட வலது பக்கம் பாருங்க, ஒரு சிரை புடைச்சு நிக்கும். நல்லா இருக்கற ஒருத்தர் நிமிர்ந்து நிக்கும்போது அது இப்படித் தெரியாது. கோலியாத்தோட மோதப்போற பதற்றத்துல தெரியலாம். 2019ல் ஒரு அமெரிக்க டாக்டர் இதைக் கவனிச்சு ஜாமா கார்டியாலஜி இதழில் எழுதினார். ஹார்வி ரத்த ஓட்டத்தை விளக்கி எழுதினது 1628ல். அதுக்கு 124 வருஷம் முன்னாடியே ஒரு சிற்பி இதைப் பாத்திருக்கார்.

8/
கடைசி நாள், வெள்ளிக்கிழமை. என் கார்டு 3:30 மணிக்கு முடியுது. மெடிசி சேப்பல் பாக்கி. அதுக்கு முன்னாடி "சின்ன மியூசியம், அரை மணி நேரம்" என்று அம்மாவை இன்னொசென்ட்டி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்.

ப்ரூனெல்லெஸ்கி 1419ல் கட்ட ஆரம்பிச்ச குழந்தைகள் காப்பகம் அது. 1445 பிப்ரவரி 5 அன்னிக்கு முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அகதா ஸ்மெரால்டான்னு பேர் வெச்சாங்க. குழந்தையை யாருக்கும் தெரியாம விட்டுட்டுப் போற ஜன்னலை 1875லதான் மூடினாங்க.

9/
அம்மா சேலம் மாவட்டத்துல கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்துல தொடங்கினப்ப வேலையில் இருந்தவங்க.

"இங்கயும் தொட்டில் வெச்சிருந்தாங்களா கண்ணு?"

உள்ளே சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொண்ணுலயும் குழந்தையோட வந்த அடையாளம். பாதியா வெட்டின பதக்கம், உடைஞ்ச நாணயம், மணி. மறுபாதி அம்மாகாரிகிட்ட இருக்கும், என்னைக்காவது தேடி வந்தா சேர்த்துப் பாக்க.

அம்மா ஒவ்வொண்ணா திறந்து பாத்தாங்க. "நம்ம புள்ளைங்களோட ஒரு பழந்துணிதான் வரும். இவங்க திரும்ப வரணும்னு நெனச்சிருக்காங்க பாரு."

அப்புறம் ரொம்ப நேரம் பேசல. பேர் சொல்லாம ரெண்டு குழந்தைங்களைப் பத்திச் சொன்னாங்க. முப்பது வருஷத்துல எங்ககிட்ட ஒரு தடவைகூடச் சொல்லாதது.

10/
3:30 ஆச்சு. கார்டு காலாவதி. மெடிசி சேப்பல் போகல. அங்கே பெஞ்சில் அம்மா பக்கத்துல உக்காந்திருந்தேன். அம்மாவோட அந்த டிக்கெட்தான் ஊர்லயே மலிவான டிக்கெட்கள்ல ஒண்ணு.

11/
ஆக, என் பரிந்துரை:

• நல்லா நடக்கற ரெண்டு பேர், கலை ஆர்வம் உண்டு, முழுசா மூணு நாள் இருக்கு: கார்டு வாங்குங்க.
• உஃபிஸி, டேவிட் மட்டும் போதும்: தனி டிக்கெட்.
• சுகர், முட்டிவலி உள்ள பெற்றோர்: அவங்களுக்குத் தனி டிக்கெட். ஒரு நாளைக்குப் பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. ராத்திரி பாதப் பரிசோதனை கட்டாயம்.
• அவசரம்னா 112.

கடைசியா ஒண்ணு. உங்க அம்மா அப்பா எங்கயாவது கால் நின்னு பாக்க ஆரம்பிச்சா, தயவுசெஞ்சு கடிகாரத்தைப் பாக்காதீங்க.