கச்சான் காற்றும் லொறிப் படங்கும்

ஆடி பிறந்துவிட்டால் பதுளைப் பக்கத்து லொறிக்காரர்களிடையே ஒரே பேச்சுத்தான்: இன்றைக்கு அப்புத்தளையில் காற்று எப்படி? தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கச் சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கக் காய்கிறது, சூடேறுகிறது. இதுதான் கச்சான். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனிப் பெயர் வாங்கிக் கொடுப்பதும் இந்தக் காற்றுத்தான். கொழுந்தில் மணம் ஏற்றுகிற அதே காற்று, கட்டுத் தளர்ந்த படங்கை ஒரே இழுப்பில் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

படங்கு கட்டுவதை, சாமான் ஏற்றி முடிந்தபின் செய்கிற சில்லறை வேலையாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிரேக் பார்ப்பதற்குச் சமமான வேலை. ஓடும் லொறியில் படங்கு திறந்துகொண்டால் சாமான் நனைவது சின்ன நட்டம். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு முன்னால் திடீரென்று ரோடே தெரியாமல் போகும். கயிற்று நுனியில் கொக்கி இருந்தால் அது எங்கே போய் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இந்த ரோட்டு ஓரமாகத்தான் நடக்கிறார்கள். பல இடங்களில் ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் பள்ளம். ஒதுங்க இடமே கிடையாது.

படங்கு திறப்பது எப்படி என்று விளங்கிக்கொண்டால் கட்டுவது எப்படி என்பது தானாக வரும். லொறி மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிறது, எதிர்க்காற்று 30 என்று வையுங்கள். படங்கின் மேல் வீசுவது 80 கிலோமீற்றர்க் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் தோட்டத்து ரோட்டில் 20இல் ஊர்ந்தபோது அசையாமல் கிடந்த படங்கு, பெரிய ரோட்டில் ஏறியதும் படபடக்கிறது. படங்கின் மேலாக விரைந்து ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று கீழிருந்து தூக்குகிறது. முன் விளிம்பில் ஒரு விரல் நுழையும் சந்து இருந்தால் போதும், காற்று அதற்குள் புகுந்து படங்கை உப்பவைத்துவிடும். உப்பிய படங்கை எந்தக் கயிறும் அதிக நேரம் தாங்காது.

ஆகவே முன் விளிம்புதான் முக்கியம். இரண்டு படங்கு போடுவதானால் பின் பக்கத்துப் படங்கை முதலில் விரித்து, முன் பக்கத்துப் படங்கு அதன்மேல் ஏறி வரும்படி போட வேண்டும். ஓடு வேய்வதைப் போலத்தான்: மூடுகிற விளிம்பு காற்றோடு போக வேண்டும், காற்றுக்கு வாய் காட்டக்கூடாது. முன் மூலைகளை மடிக்கும்போதும் மடிப்பின் வாய் பின்னோக்கி இருக்க வேண்டும். படங்கு போட்டு முடித்ததும் லொறியில் உதவிக்கு வரும் பொடியன் "கட்டியாச்சு அண்ணே" என்பான். "முன்னால போய்க் கையை விட்டுப் பாரு தம்பி" என்பேன். கை நுழைந்தால் கட்டு முடியவில்லை.

அடுத்தது கயிறு. கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டு, நுனியைக் கீழே கொக்கியில் சுற்றி, மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள் விட்டு இழுத்தால், வெறுமனே இழுப்பதைவிட நல்ல இறுக்கம் கிடைக்கும். எல்லாரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் இழுத்துப் பிடிப்பது ஒரு வேலை, பூட்டுவது இன்னொரு வேலை. இழுத்த கயிற்றை ஓர் உருவு சுருக்கோடு விட்டுவிட்டால், குலுங்கக் குலுங்க அது தானாக அவிழும். அதற்குமேல் இரண்டு அரை முடிச்சுப் போட்டால்தான் பூட்டு. பழைய டியூபை வெட்டிய றப்பர்ப் பட்டிகளை நானும் பாவிக்கிறேன். அவை படங்கு படபடக்காமல் அமர்த்திவைக்க நல்லவை, பூட்டாக ஒருபோதும் ஆகாது. தும்புக் கயிறு மூடுபனியில் நனைந்து இறுகும், வெயிலில் காய்ந்தால் தளரும். நைலோன் கயிறு பாரம் விழுந்தால் நீளும். எந்தக் கயிறாக இருந்தாலும் கட்டிய இறுக்கம் கடைசிவரை அப்படியே இருக்காது.

அதனால் பதுளையில் போட்ட கட்டை நான் ஹாலி-எலயில் ஒருமுறை இறங்கிப் பார்ப்பேன். குலுக்கலில் சாமான் அமர்ந்து கயிறு தளர்வது பெரும்பாலும் இந்த முதல் சில மைல்களில்தான். பிறகு பண்டாரவளையில், அப்புத்தளை முகட்டுக்கு ஏறுமுன். அங்கிருந்து பெரகலைக்கு இறங்கும் வளைவுகளில் காற்று ஒரு நேரம் நெற்றியில் அடிக்கும், அடுத்த திருப்பத்தில் விலாவில் அடிக்கும். நேர்க் கயிறு மட்டும் போட்டவனுக்கு அந்த இடத்தில் பக்க விளிம்பு தூக்கும். குறுக்கே இரண்டு மூலைக் கயிறு போட்டவன் நிம்மதியாகப் போவான்.

கொழுந்து லொறி மட்டும் தனிக் கதை. கொழுந்து பறித்தபின்னும் மூச்சு விடுகிறது. இறுக மூடினால் வெந்து சிவந்துவிடும், ஸ்டோருக்குப் போனால் கழிவு. மூடாமல் விட்டால் கச்சான் வெயிலில் வாடும். காற்றோட்டம் வேண்டும் என்று முன் பக்கத்தைத் திறந்து விடுகிறவர்கள் உண்டு, அது தவறு. முன்னும் மேலும் இறுக்கம், பின் பக்கத்தில் இடைவெளி, மூட்டைகளை அமுக்காமல் அடுக்குவது: இந்த மூன்றும் சேர்ந்தால் கொழுந்தும் தப்பும், படங்கும் நிற்கும்.

காற்றின் இந்தத் தொல்லை லொறிக்கு மட்டும் அல்ல. வெளிநாடுகளில் வீடு போலவே அமைத்த மோட்டார்ஹோம் வண்டிகளின் விலாவில் சுருட்டி வைத்த பந்தல் துணி ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் அதை விரிக்கும். ஓட்டத்தில் அது தானாகத் திறந்துகொள்வது அங்கே பெரிய தலைவலி. காரணம் எங்கள் காரணம்தான். பல வண்டிகளில் சுருளைப் பிடித்து வைப்பது மோட்டாரின் பல்சக்கர இறுக்கமும் ஸ்பிரிங்கும் மட்டுமே. அது பிடிப்பு, பூட்டு அல்ல. சுருளில் கொஞ்சம் தொய்வு இருந்தால் காற்று துணியை உப்பவைத்து வெளியே இழுக்கும். அனுபவப்பட்டவர்கள் புறப்படுமுன் பந்தலைத் தாங்கும் கைகளைச் சுற்றி வார்ப்பட்டி போடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது பொத்தான் வேலை செய்யாதபடி மின்சாரத்தையும் தடுக்கிறார்கள். இரண்டும் தேவை: மின்சாரத்தைத் தடுப்பது தவறிக் கைபடுவதைத்தான் நிறுத்தும், காற்றை நிறுத்துவது வார்ப்பட்டி. எல்ல பக்கம் இப்போது கேம்பர் வேன்கள் வருகின்றன. பந்தல் பொருத்திய வேனை எடுத்துக்கொண்டு எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குகிறவர்கள், சுருளில் தொய்வு இருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்த்து, இரு முனையிலும் பட்டி போட்டுவிட்டு இறங்கட்டும்.

ரோட்டில் எதிரே வருகிற லொறியில் படங்கு தூக்குவதைக் கண்டால் லைட்டை அடித்துக் காட்டுங்கள், கையை மேலே காட்டிச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் டிரைவருக்குத் தன் படங்கு தெரியாது. உங்களுக்கு யாராவது அப்படிக் காட்டினால், அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.